கொக்குக் கூடு என்று நான் சொன்ன முள்புதர்

சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது எப்படி, எடுத்த இடத்தில் எதை நடுவது என்பதெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதில் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். மேடையில் பேச அழைத்திருந்தால் வந்திருக்க மாட்டேன். எழுத்து என்பதால் ஒப்புக்கொண்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

மற்றவர்கள் யானையைப் பற்றியும் காட்டுத்தீயைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். நான் கடைசியாக வனவராக இருந்த இடத்தில் காடு என்று சொன்னால் சிரிப்பார்கள். எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் இடையில், கழிமுகத்தை ஒட்டி, காப்பு நிலம் என்று பலகை வைத்த ஒரு துண்டு உவர்நிலம். கிழக்கே கழிமுகம், வடக்கே அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய், மேற்கே துறைமுகத்துக்குப் போகும் லாரிச் சாலை, தெற்கே ஒரு மீனவக் குப்பம். குப்பத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்குள்ள பெண்கள் வேண்டாம் என்றார்கள்.

அந்த நிலம் பெரியதல்ல. ஆனாலும் அலை ஏறும்போது உப்புநீர் சிறு ஓடைகள் வழியாக உள்ளே வந்து, அலை இறங்கும்போது திரும்பிப் போகும். அந்த நீரை நம்பித்தான் வெண்கண்டல் மரங்கள் நின்றன. அவற்றின் பின்னால் உமரிச் செடி தரையோடு சிவந்து படர்ந்திருக்கும். சேற்றில் நண்டு, நண்டுக்காக வரும் பறவைகள். நான் பொறுப்பேற்றபோது பாதிக்கு மேல் சீமைக் கருவேலம் பிடித்திருந்தது. ஆடுகள் அதன் காயைத் தின்று, விதையைப் புழுக்கையோடு போட்டுவிட்டுப் போகும். மழைக்கு முளைக்கும். ஓடைக்கரையில் முள் ஏறியதும் ஓடை தூர்ந்துவிடும். உப்புநீர் வராத இடத்தில் உமரி கருகும், கண்டல் நுனியிலிருந்து காயும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. ஒரு மனிதனை வெறுப்பதுபோல் அந்த மரத்தை வெறுத்தேன். பேருந்தில் போகும்போது சாலையோரம் அது பூத்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

முழுவதையும் ஒரே கோடையில், காய் முற்றுவதற்கு முன் எடுத்துவிட அனுமதி கிடைத்தது. குப்பத்து மக்களைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது என்பது விதி. எனக்கு அந்த விதியில் நம்பிக்கையும் உண்டு. வலை பின்னும் கொட்டகையில் கூட்டம் போட்டேன். ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், பெண்கள் ஓரமாக நின்றார்கள். படகுக்குப் போகும் பாதை அடைபடுமா, வெட்டிய விறகு யாருக்கு, கூலிக்கு வெளியாட்களை அழைத்து வருவீர்களா என்று கேட்டார்கள். பாதை அடைபடாது, விறகு குப்பத்துக்கே, கூலி வேலையும் குப்பத்துப் பெண்களுக்கே என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். எல்லாருக்கும் திருப்தி. எனக்கும்தான்.

கூட்டம் முடியும் நேரத்தில் தனம் பேசினாள். மீன் கூடை சுமந்து திருவொற்றியூர் வரை விற்கப் போகிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பின்னால் வெட்டுக் கூலிப் பெண்களுக்கு அவளைத்தான் தலைவியாகப் போட்டேன்.

"சார், தெக்கால ஒரு வளைவு கீதே, அத்த மட்டும் இப்ப வாணாம் சார். அப்பால பாத்துக்கலாம்."

குப்பத்தை ஒட்டி ஓடை வளையும் இடத்தில் அடர்ந்து நின்ற முள்புதரைச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். அவள் முன்னால் இருந்த ஆண்களைப் பார்த்தாள். பிறகு கொட்டகைத் தூணைப் பார்த்தாள்.

"சொம்மாதான் சார்."

முன்வரிசையில் இருந்த குப்பத்துப் பெரியவர் ஒருவர், "வூட்டாண்ட கீற வெறகு போயிடுமேன்னு அதுக்குப் பேஜாரு சார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வளைவில் வெட்டுகிற விறகை அவரவர் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து போடச் சொல்கிறேன் என்று தனத்திடம் வாக்குக் கொடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள். மற்றப் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பகுதியை வெட்டுவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாரும் வரிசையாக நின்று, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே புதருக்குள் நடந்து போவோம். பாம்பு, கீரி, உடும்பு எது இருந்தாலும் ஓடிப்போக வழியும் நேரமும் கொடுப்போம். கூடு தெரிந்தால் சிவப்புத் துணி கட்டிவிட்டு அந்த மரத்தை மட்டும் விட்டுவிடுவோம். இந்த விஷயத்தில் நான் கறாரானவன். வேர் பிடுங்கும் இயந்திரம் வந்து காத்திருந்தாலும் டப்பா தட்டி முடிக்காமல் விடமாட்டேன். அந்தக் கோடையில் ஒரு கீரிக்குட்டிகூட எங்கள் கையால் சாகவில்லை என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

வளைவுக்கு வந்தபோது பெண்கள் டப்பா தட்ட உள்ளே போகவில்லை. "அங்க ஒண்ணும் கெடையாது சார்" என்றார்கள். நான் மட்டும் போனேன். மிக ஒடுங்கிய ஒற்றையடிப் பாதைகள் பல இருந்தன. பாதையோரக் கிளைகளில் இடுப்பு உயரத்துக்கு முள்ளை ஒடித்து நீக்கியிருந்தார்கள். இரண்டு மூன்று இடங்களில் பழைய சாக்குப்பை கட்டித் தொங்கியது. எல்லாவற்றையும் பார்த்தேன். ஆட்டுப் பாதை, விறகு ஒடித்த அடையாளம், காற்றில் வந்த குப்பை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாடையையும் கழிமுகத்தின் கணக்கில் சேர்த்துவிட்டேன். நான் ராயபுரத்தில், பல குடும்பங்களுக்கு ஒரே கக்கூஸ் இருந்த வீட்டில் வளர்ந்தவன். விடியுமுன் என் அக்காக்கள் வாளியோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தவன். இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

வளைவில் வேலை தொடங்கியதும் பெண்களின் கை மெதுவாகிவிட்டது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றார்கள், அரிவாளுக்குச் சாணை பிடிக்கவில்லை என்றார்கள். நான் கோபமாகப் பேசினேன். மேல் அதிகாரி பார்வையிட வருகிறார், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று இயந்திரத்தை வளைவுக்குத் திருப்பினேன். அன்று மாலைக்குள் பாதி வளைவு போய்விட்டது. விறகு, சொன்னபடியே, வாசல் வாசலாகப் போய் விழுந்தது.

அடுத்த நாள் விடிவதற்கு முன் அலை ஏறும் நேரம். நாங்கள் தூர் வாரிய ஓடையில் முதல்முதலாக உப்புநீர் உள்ளே வருவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கையில் டார்ச்சோடு தனியாகப் போனேன். நீர் வந்தது. ஓடையின் அடியில் மெல்ல ஊர்ந்து, கருகிப்போன உமரியின் கால் வரை ஏறியது. அதைப் பார்த்தபடி தெற்கே நடந்தேன்.

லாரிச் சாலையில் ஒரு கண்டெய்னர் வண்டி திரும்பியது. அதன் விளக்கு, முள் வெட்டிய நிலத்தின் குறுக்கே ஒரு முறை சுழன்று போனது. அந்த வெளிச்சத்தில், மொட்டைத் தரையில், பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். சேலையை இறக்கிவிட்டு, சாலைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். விளக்கு போனதும் உட்கார்ந்தார்கள். அடுத்த வண்டி வந்தது. மறுபடியும் எழுந்தார்கள்.

என் கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். அணைப்பதற்குள் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடினாள். நான் வந்த வழியே திரும்பினேன். ஓடையில் கால் வைத்து, முழங்கால்வரை சேற்றில் இறங்கி, ஏறிப் போனேன்.

குப்பத்தில் பொதுக் கழிப்பறை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. தாழ்ந்த தரையில் கட்டியதால் பெரிய அலைக்கும் மழைக்கும் தொட்டி நிரம்பி மேலே வந்துவிடும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டையும் நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் போய்வந்தேன்.

மேல் அதிகாரி அன்றைக்கே வந்துவிட்டார், சொன்ன நாளுக்கு முன்பே. நல்ல மனிதர். பறவைகளிடம் பிரியம் உள்ளவர். சேற்றில் தயங்காமல் இறங்கி நடந்தார். ஓடையில் நீர் நிற்பதைக் கண்டு சந்தோஷப்பட்டார். பிறகு வளைவைக் காட்டி, மிச்சத்தையும் தன் கண்முன்னால் முடித்துவிடலாமே என்றார். இயந்திரம் ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்து கிளப்பினார். குப்பத்துப் பெரியவர்கள் அதிகாரியோடு நின்றார்கள். பெண்கள் அரிவாளோடு சற்றுத் தள்ளி நின்றார்கள். தனம் என்னை மட்டும் பார்த்தாள்.

நான் கையைத் தூக்கி இயந்திரத்தை நிறுத்தினேன். அதிகாரி ஏன் என்றார்.

உண்மை என் வாய்வரை வந்தது. அதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியவில்லை. அத்தனை ஆண்கள் முன்னால், அந்தப் பெண்களை வைத்துக்கொண்டு, அலுவலகத் தமிழில் அதை எப்படிச் சொல்வது? காலையில் நான் பார்த்ததைச் சொன்னால், எப்படிப் பார்த்தாய் என்பதும் வரும்.

"கொக்கு கூடு வெச்சிருக்கு சார்" என்றேன்.

புதரின் உச்சியில் காக்கை எப்போதோ விட்டுப்போன பழைய கூடு ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"வெட்ட எல்லாருக்கும் தெரியும். எங்க நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

இயந்திரம் திரும்பிப் போனது. பாதி வளைவு தப்பியது. பெண்கள் கலைந்து போகும்போது தனம் என் பக்கமாக வந்து, குரலைத் தாழ்த்தி, "கொக்குக்கு ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள். அவள் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. நெருக்கடியில் சமயோசிதமாக நடந்துகொண்டேன் என்றுதான் அன்றிரவு நினைத்துக்கொண்டேன். யாருடைய மானத்துக்கும் பழுதில்லை, வேலையும் நின்றது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நாக்கில் நல்ல பொய் ஒன்று தானாக வந்து நிற்கும். அதனால்தான் இதன் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

கொக்குக்கு வேலி வந்தது. அதிகாரி தன் ஆர்வத்தால் எங்கிருந்தோ நிதி பிடித்து, புதரைச் சுற்றி உயரமான கம்பிவலை அடிக்க உத்தரவு போட்டார். பறவைகள் கூடு கட்டும் இடம், உள்ளே நுழையத் தடை என்று பலகை வந்தது. வேலி போட்டால் பறவைகள் மிரளும் என்று எழுதிப் பார்த்தேன். மனித நடமாட்டம் நிற்கும் என்றால் சிறிது மிரண்டாலும் பரவாயில்லை என்று பதில் வந்தது. இல்லாத கொக்குகளின் சார்பில் நானும், அவற்றின் நன்மைக்காக அவரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். அப்போதாவது நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். என் பெயரைப் பாராட்டுக்குப் பரிந்துரை செய்திருப்பதாக அதற்குள் தகவல் வந்துவிட்டது. பெண்களின் மானத்தைக் காக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் மானத்தைத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

காவலுக்கு அந்தோணி வந்தார். ராயபுரத்துக் கிடங்கொன்றில் இருந்தவர். விசில் கொடுத்தால் ஊதுகிற நேர்மையான ஆள். இரண்டாம் நாளே என்னிடம் வந்து நின்றார்.

"சார், பொம்பளைங்க வர்றாங்கோ. ஊதினா பாவம். ஊதலன்னா என் வேல போய்டும். நான் இன்னா பண்ணட்டும்?"

அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காருங்கள் என்றேன். சில நாள் அப்படியே உட்கார்ந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும்போதே நகரத்திலிருந்து பறவை பார்க்கிறவர்கள் வரத் தொடங்கினார்கள். அனுமதிக் கடிதத்தோடு வந்தார்கள். கையளவு நீளமுள்ள லென்ஸை முக்காலியில் பொருத்தி, புதரை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு கொக்குக்காகக் காத்திருந்தார்கள். கதவுக்குப் பூட்டும் வந்தது. பெண்கள் அந்தப் பக்கம் வருவதை விட்டார்கள்.

அவர்கள் எங்கே போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை தனம் கருவேல முளை பிடுங்கும் வேலைக்கு வரவில்லை. அவளுடைய மருமகள் பவானி தண்ணீர் லாரி வரிசையில் மயங்கி விழுந்து, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக மற்றவர்கள் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். மதியம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். பிரசவ வார்டுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து தனம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா சார், கொக்கு சௌக்கியமா கீதா?"

நான் பழப்பையை அவள் பக்கத்தில் வைத்தேன். பிறகு அவளே சொன்னாள். வேலி வந்த பிறகு எல்லாரும் இருட்டில் லாரிச் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறார்கள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாலையைக் கடக்கப் பயந்து, பவானி மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். கோடை வெயில். சிறுநீரில் தொற்று ஏறி, காய்ச்சல் வந்து, இப்போது வலி எடுக்கிறது. குழந்தை முன்னாடியே வந்துவிடுமோ என்று டாக்டரம்மா பயப்படுகிறார். ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேட்டும் பவானி வாய் திறக்கவில்லை. தனமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அதே கொட்டகையில் பெரிய கூட்டம் இருக்கிறது, அதிகாரி வருகிறார், ஊராட்சி அலுவலர்களும் வருகிறார்கள், அங்கே எழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். ஆனால் அது அவர்களுடைய விஷயம், என்னுடையது மட்டுமல்ல. எல்லார் முன்னாலும் சொன்னால் உங்களுக்கு அவமானமாக இருக்காதா, வேண்டுமானால் நீங்களே சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

தனம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க வாயால சொன்னா எங்களுக்கு அசிங்கம். உங்க வாயால சொன்னா உங்களுக்கு அசிங்கம். இம்மா நாளா அது எங்களாண்டயே கீது சார். இந்த தபா நீங்க வெச்சிக்கோங்க."

கூட்டத்தன்று அதிகாரி வளைவைப் பற்றி மிக அழகாகப் பேசினார். அயல் தாவரமாக இருந்தாலும் அதில் ஒரு உயிர் தங்கியிருக்கிறதா என்று பார்த்து வெட்ட வேண்டும் என்பதற்கு இந்தப் புதர் ஒரு உதாரணம் என்றார். இரண்டு வார்த்தை சொல்லும்படி என்னை அழைத்தார். எழுந்தேன். ஒரு வாரமாக வீட்டில் சொல்லிப் பார்த்த சொற்கள் எதுவும் வரவில்லை. அதனால் தெருவில் பேசுவதுபோலவே பேசினேன்.

"சார், அங்க கொக்கு இல்ல. குப்பத்துப் பொம்பளைங்க வெளிக்குப் போற இடம் அது. அவங்களுக்கு வேற இடம் கிடையாது. தெரிஞ்சேதான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

தனத்துக்கு விறகுக் கவலை என்று முன்பு சொன்ன பெரியவர், பக்கத்தில் கிடந்த வலையின் கண்ணில் விரலை விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மகள்கள் உண்டு. கடலுக்குப் போகும் ஆண்களுக்குக் கடற்கரை இருக்கிறது, அதனால் அவர் யோசித்ததில்லை. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அதிகாரி என்னைப் பார்க்காமல் கேட்டார். "வேலி போட்டதுக்கு அப்புறம் அவங்க எங்க போறாங்க?"

பின்னாலிருந்து தனத்தின் குரல் வந்தது.

"லாரி ரோட்டுக்கு அந்தாண்ட சார்."

அவ்வளவுதான் சொன்னாள். அன்று மாலையே அந்தோணி பூட்டைத் திறந்தார். பலகையைக் கழற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை அனுமதிகளை அதிகாரி ரத்து செய்தார். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பாராட்டு நின்றது, இரண்டும் நியாயம். அவர் அதன்பிறகு என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை விஷயமாக மட்டும் பேசினார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பவானிக்கு வலி நின்றது. மாதம் நிறைந்தே பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. இதை முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் நிம்மதியாகப் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வாரம் எனக்கு அந்த நிம்மதி இல்லை. அதனால் உங்களுக்கும் கொடுக்கவில்லை.

தரையை உயர்த்தி, தண்ணீர்த் தொட்டியோடு புதிய கழிப்பறை கட்டி முடிய இரண்டு மழைக்காலம் ஆனது. அதுவரை வளைவைத் தொடவில்லை. சீமைக் கருவேலம் யாருக்காகவும் காய்ப்பதை நிறுத்தாது. வேலி இல்லாததால் ஆடுகள் வளைவுக்குள் வந்தன, காயைத் தின்றன, நாங்கள் மீட்ட நிலம் முழுவதும் விதையைப் போட்டன. ஒவ்வொரு மழைக்கும் பிறகு உமரிக்கு நடுவே ஆயிரக்கணக்கில் முளை. நானும் பெண்களும் குனிந்து குனிந்து கையால் பிடுங்கினோம். பிடுங்கித் தீரவில்லை. மீட்டதில் ஒரு பகுதி மறுபடியும் கைவிட்டுப் போனது. புதிய ஓடைகளில் ஒன்று திரும்பவும் தூர்ந்தது. முதல் கூட்டத்தில் தனம் தூணைப் பார்த்தபோதே ஒரு பெண் ஊழியரை அனுப்பி அவளிடம் தனியாகக் கேட்டிருந்தால், கழிப்பறையை முதலில் கட்டியிருப்போம், முள்ளை அதன்பிறகு முழுதாக எடுத்திருப்போம். உமரியும் பிழைத்திருக்கும். குப்பத்தையும் கெடுத்து, நிலத்தையும் கெடுத்தேன். ஒன்றைக் காப்பாற்ற மற்றதை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு இடமில்லை.

அந்த மரம் கெடுதல் செய்யும் மரம்தான். இதைப் படித்துவிட்டு அதன்மேல் இரக்கம் கொள்ள வேண்டாம். எடுங்கள், முழுதாக எடுங்கள். பல வருடமாக ஒரு ஊரின் ஓரத்தில் நிற்கிற எதையும் அந்த ஊர் ஏதோ ஒன்றுக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். அது என்ன என்று தெரியாமல் இயந்திரத்தைக் கிளப்பாதீர்கள். கூட்டத்தில் சொல்ல முடியாத பயனாக அது இருக்கலாம். அப்படியானால் கூட்டத்துக்கு வெளியே கேளுங்கள். உங்களில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் காலத்தில் அந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரையும் தட்டச்சுக்கு உட்கார வைத்திருந்தோம். கீரிக்கு டப்பா தட்டினேன். குப்பத்துப் பெண்களுக்குத் தட்டவில்லை. இன்றைக்கும் இதை நினைத்தால் காது சூடாகிறது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வளைவின் மிச்சத்தை எடுத்தோம். இயந்திரத்தைக் கூப்பிடவில்லை. பெண்களே வெட்டினார்கள். வேலை அன்று வேகமாக நடந்தது, யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. முள்ளெல்லாம் போனதும் உள்ளே இரண்டு பழைய வெண்கண்டல் மரங்கள் நின்றன. நெருக்கத்தில் கோணலாகி, ஒரு பக்கம் பட்டுப்போயிருந்தன. உப்புநீர் வந்தால் பிழைக்கும் என்று ஓடையை அதுவரை நீட்டிவிட்டு வந்தேன். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது, போக முகம் இல்லை.

போன ஆடிக்குப் பிறகு ஒரு நாள் தனம் போன் செய்தாள். குசலம் விசாரித்தாள். பேத்தி பள்ளிக்கூடம் போகிறதாம். கழிப்பறையில் ஒரு கதவு உடைந்துவிட்டது, எழுதிப் போட்டிருக்கிறோம், யாரும் வரவில்லை என்றாள். பிறகு சிரித்தாள்.

"சார், அந்த வளைவு கண்டல்ல கொக்கு வந்து கூடு வெச்சிகீது. நெசமாலுமே சார். இந்த தபா பொய் இல்ல."

நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன் போலிருக்கிறது.

"வாங்கோ சார், இன்னா இப்போ" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "வெயில் ஏறினப்பறமா வாங்கோ."

வெயில் ஏறிய பிறகுதான் போனேன்.